எதிர்ப்பக்கத்து எழுத்து

நம் வயதுக்காரர்கள் கூட்டங்களுக்குப் போனால் பின்வரிசையில்தான் உட்காருகிறோம். காது மந்தமானவர்கள் முன்னால் போகவேண்டும் என்று யாருக்குத்தான் தெரியாது? பழக்கம் விடுவதில்லை. போன மாதம் மாத்தளையில் பேத்தி படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம். பிள்ளைகள் எப்படி வாசிக்கப் பழகுகிறார்கள் என்று பெற்றோருக்கு விளக்கம் சொல்ல நிபுணர்கள் வந்திருந்தார்கள். மகளுக்கு வேலை நாள். அவளுக்குப் பதிலாக நானும் என் தங்கச்சியும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம்.

மேடையில் மூளை டாக்டர் ஒருவர், மொழி படித்தவர் ஒருவர், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருவர், கம்ப்யூட்டரில் பிள்ளைகளுக்குப் பாடம் செய்கிற இளைஞர் ஒருவர். எழுத்தை முதலில் சொல்லிக்கொடுங்கள் என்றார் ஒருவர். இல்லை, முழுச் சொல்லையும் காட்டுங்கள் என்றார் மற்றவர். பிள்ளை முதலில் கேட்கட்டும், பிறகு பார்க்கட்டும் என்றார் பேச்சுப் பயிற்சிப் பெண். எல்லாம் நல்ல பேச்சுத்தான், நான் கேலி செய்யவில்லை. கேலி செய்ய எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது, அவ்வளவுதான்.

தங்கச்சி என் பக்கம் சாய்ந்து, "ஒரு பிள்ள வாசிக்கிறதுக்கு இத்தன பேரு வேணுமாக்கா?" என்று கேட்டாள்.

"நம்ம தோட்டத்துக்கும் வந்தாங்கதானே" என்றேன்.

அவள் மடியிலிருந்த பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு மேடையைப் பார்த்தாள். அவர்கள் வந்த அந்தக் காற்றுக்காலத்தைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். உங்களில் பலர் அதே மாதிரி ஒரு ஹோலில் தரையில் உட்கார்ந்து படித்தவர்கள்தானே.

எங்கள் தேயிலைத் தோட்டம் இரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் பாதையில் இருந்தது. ஆனி, ஆடி மாதங்களில் அங்கே வீசுகிற காற்று ஒரு தனிப் பிறவி. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் கூரைத் தகரங்களின் மேல் கல்லும் பழைய டயரும் ஏற்றிவைப்பார்கள். அம்மா றொட்டி சுட்டால் பாதிச் சாம்பல் றொட்டியில் ஒட்டிக்கொள்ளும். பல்லில் கரகரவென்று கடிபடும் அந்தச் சாம்பலோடுதான் அந்த வருடத்தின் ருசி எனக்கு ஞாபகமிருக்கிறது. அரிசி கிடைப்பதே அருமையாக இருந்த காலம் அது. மரவள்ளிக்கிழங்கும் றொட்டியும் மாறி மாறி வரும். சில நாள் மாறாமலே வரும்.

பள்ளிக்கூடம் ஒரே ஹோல். இடுப்பளவு சுவர், அதற்கு மேல் திறந்த வெளி. அஞ்சு வகுப்புக்கும் ஒரே வாத்தியார். கரும்பலகை நான் சேருமுன்பே ஒருநாள் காற்றில் விழுந்து பிளந்துபோனது. அன்றிலிருந்து அதை மழைத்தண்ணீர் உள்ளே வராமல் வாசலில் குறுக்கே போட்டிருந்தார்கள். எங்கள் வகுப்புக்கு ஒரே ஒரு வாசிப்புப் புத்தகம். அது கங்காணி மகளின் பொறுப்பில் இருந்தது. ஒழுகாத கூரையும் பூட்டுப் போட்ட தகரப்பெட்டியும் கங்காணி வீட்டில்தான் இருந்தன.

காலையில் அவள் புத்தகத்தைக் கொண்டுவந்து தரையில் விரிப்பாள். காற்றில் பக்கம் புரளாமல் நாலு மூலைக்கும் நாலு கல் வைப்போம். நாங்கள் சுற்றி உட்காருவோம். யார் எங்கே உட்காருவது என்பதில் சந்தேகமே கிடையாது. புத்தகம் கங்காணி மகளுக்கு முகம் காட்டும். அவளுக்கு இரண்டு பக்கமும் மேட்டு லயத்துப் பிள்ளைகள். நான் பள்ளத்து லயம், ஆகவே எதிர்ப்பக்கம். வாத்தியார் போட்ட சட்டமில்லை இது. காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது எங்கள் அப்பாமார் எந்த ஒழுங்கில் நிற்பார்களோ, அந்த ஒழுங்கில் நாங்களும் உட்கார்ந்தோம். புத்தகத்தைத் திருப்பலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அப்படித்தான் நான் வாசிக்கப் பழகினேன், தலைகீழாக. அது தலைகீழ் என்று எனக்குத் தெரியாது. என் கண்ணுக்கு மாட்டின் கால்கள் மேலே இருந்தன. படம் போட்டவர் அப்படிப் போட்டிருக்கிறார் என்று விட்டுவிட்டேன். சிலேட்டிலும் கண்ணில் பட்டபடியே எழுதினேன். எழுதியதை வாத்தியாருக்குக் காட்டும்போது மற்றப் பிள்ளைகள் சிலேட்டை அவர் பக்கம் திருப்பி நீட்டுவார்கள். நான் திருப்பாமல் நீட்டுவேன். எதிரில் இருக்கும் அவருக்கு எல்லாம் நேராகத் தெரியும். "கையெழுத்து நல்லாருக்கு" என்று சொல்லுவார். நான் பூரித்துப் போவேன்.

பஸ்ஸின் நெற்றியிலும் தொழிற்சாலைப் பலகையிலும் இருந்த எழுத்து மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஆகவே அதையெல்லாம் சிங்களம் என்று முடிவு செய்திருந்தேன். அந்த வயதுக்கு அது போதுமான விளக்கமாக இருந்தது.

அந்தக் காற்றுக்காலத்தில்தான் கணக்கப்பிள்ளை ஐயா அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். கண்டியில் நோனா என்று கூப்பிடும் ஒரு பெரிய வீட்டு அம்மாவுக்கு வேலைக்குப் பிள்ளை வேண்டும், நல்ல வீடு, மூன்று வேளையும் சோறு என்றிருக்கிறார். அப்பா அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்குவது லேசான காரியமில்லை. வேலைக்குப் பேர் விழுவதும் விழாததும் அவர் கையில்.

அம்மா அடுப்படியைவிட்டு எழுந்து வந்தாள். "பெரியவள அனுப்ப மாட்டேன். அது படிக்குது."

"என்னா படிக்குது? கூட்டத்தோட சேந்து கத்துது. தனியா நிப்பாட்டி வாசிக்கச் சொன்னா வாசிக்குமா?"

"வாசிக்கும். வாத்தியாரே சொன்னாரு."

"வாத்தியாரு ஆயிரம் சொல்லுவாரு. பிள்ளைங்கள சோதிக்கிறதுக்குப் பெரிய ஆளுங்க வர்றாங்களாம். அவங்க சொல்லட்டும். வாசிக்குதுன்னு சொன்னா இருந்துட்டுப் போகட்டும். வராதுன்னுட்டா, ஞாயித்துக்கெழம நோனா கார் வரும். அப்ப நீ வாயத் தொறக்கக் கூடாது."

அம்மா சரி என்று தலையாட்டினாள். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது, ஆனால் நான் வாசிப்பேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அப்பாவைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். தன் பங்கு றொட்டியைப் பிய்த்து எங்கள் தட்டில் போட்டுவிட்டுப் பசியில்லை என்று எழுந்து போகிறவர் அவர். மூன்று வேளையும் சோறு என்ற சொல்லில் அவர் விழுந்துவிட்டார். எனக்கு அது இப்போது விளங்குகிறது. விளங்கினாலும் கோபம் முழுதாகப் போகவில்லை.

நோனா கொடுத்தனுப்பிய துணியில் இரத்தோட்டை டெய்லர் எனக்கு ஒரு நீலக் கவுன் தைத்துக் கொடுத்தார். அது சுவரில் ஆணியில் தொங்கியது. சோதனை முடியும்வரை அதைத் தொடக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். தங்கச்சிதான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைத் தடவித் தடவிப் பார்ப்பாள். அவளுக்கு ஆறோ ஏழோ. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவளை இன்னும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. தை மாதம் சேர்ப்பதாக இருந்தது.

"அக்கா, இதப் போட்டுக்கிட்டுக் கார்ல போவியா?" என்று கேட்டாள்.

"நான் எங்கயும் போகமாட்டேன். நான் வாசிப்பேன்" என்றேன்.

வியாழக்கிழமை ஜீப்பில் நான்கு பேர் வந்து இறங்கினார்கள். கண்டியிலிருந்து ஒரு கண் டாக்டர். பிள்ளைகளின் மனத்தைப் பற்றிப் படித்த ஒரு வெள்ளைக்காரர். யாழ்ப்பாணத்துப் பண்டிதர் ஒருவர். மாத்தளை டவுனில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற முஸ்லிம் பெரியவர் ஒருவர். புதிய வாசிப்புப் புத்தகம் எழுதுவதற்கு முன்னால், பிள்ளைகள் எப்படி வாசிக்கப் பழகுகிறார்கள் என்று தோட்டம், கிராமம், டவுன் எல்லாம் சுற்றிப் பார்த்து அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்வது அவர்களுடைய வேலை. எங்கள் வாத்தியார் அதை நம்பவில்லை. தன்னைத் தூக்கியடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நடுங்கினார். கெட்டிக்காரப் பிள்ளை முதலில் போகட்டும் என்று என்னை அனுப்பினார்.

"கையைக் கட்டிக்கிட்டு மேசைக்கு இந்தப் பக்கம் நில்லு. கேட்டாத்தான் பேசணும். மனப்பாடமா ஒப்பிக்காத, வாசி" என்றார்.

கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போடும் பிள்ளைக்காம்பராவில் மேசை போட்டிருந்தார்கள். பாலும் மூத்திரமும் கலந்த மணம். நான்கு பேரும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். பண்டிதர் புத்தகத்தை விரித்து எனக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"எங்கே, வாசி பார்ப்பம்."

பார்த்தேன். மாடு நாலு காலில் நின்றுகொண்டிருந்தது. அதன் கீழே இருந்த எழுத்தில் ஒன்றுகூட எனக்குத் தெரிந்ததாக இல்லை. மாட்டுப் பாடம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் சிங்களப் புத்தகத்தைப் பார்த்துத் தமிழ்ப் பாடத்தைச் சொன்னால் அது பொய்யல்லவா? கழுத்தைச் சாய்த்துப் பார்த்தேன். இன்னும் சாய்த்தேன். கன்னம் தோளில் இடித்தது. கண் டாக்டர் எழுந்து வந்து என் தலையை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினார். கையில் டெட்டோல் மணத்தது. வெள்ளைக்காரர் ஏதோ எழுதினார்.

"ஏன் பேசாமல் நிக்கிறாய்? இது என்ன எழுத்து, சொல்லு."

"எனக்குச் சிங்களம் வராதுங்க" என்றேன்.

பண்டிதர் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "தமிழைச் சிங்களம் எண்டுறாள்" என்று மெதுவாகச் சொன்னார். அதை அவர் வெள்ளைக்காரருக்கு ஆங்கிலத்தில் சொன்னபோது ஹெட்மாஸ்டர் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வெள்ளைக்காரர் பேசத் தொடங்கிவிட, அவர் மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டார். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வாசலில் நின்ற வாத்தியார் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கவே இல்லை.

கங்காணி மகள் பாடத்தைக் கணீரென்று வாசித்துவிட்டு வெளியே வந்தாள். "நீ ஏன் வாசிக்கல்ல? மாட்டுப் பாடம்தானே?"

"அது சிங்களப் புத்தகம்."

"இல்ல. நம்ம புத்தகந்தான். மூலையில கல்லு வச்ச பள்ளம் இருந்திச்சே, நீ பாக்கல்லியா?"

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. புத்தகத்தில் குற்றமில்லை என்றால் குற்றம் என்னிடம். மறுநாள் ஹோலில் கல் வைத்து விரித்ததும் எட்டிப் பார்த்தேன். எல்லா எழுத்தும் எனக்குத் தெரிந்தது. ஒரு சொல் விடாமல் வாசித்தேன். அழுகையாக வந்தது.

"தரையில இருந்தா வருது, மேசையில வரமாட்டேங்குதும்மா" என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். பயத்தில்தான் அப்படி ஆகிறது என்று அவளுக்குப் பட்டது. தேயிலை மலைக்கு ஏறும் இடத்தில் முனியாண்டி கல்லுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு பூசிவிட்டாள். கல்லுக்கு முன்னால் அவள் என்ன வேண்டிக்கொண்டாள் என்று காற்றில் எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது என் கையை இறுகப் பிடித்திருந்தாள். வழக்கமாக அப்படிப் பிடிக்கிறவள் இல்லை.

சனிக்கிழமை கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு பெற்றோரை ஹோலுக்குக் கூப்பிட்டார்கள். பெண்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்காமலே வந்து சுவரோரம் நின்றார்கள். காற்று ஹோலின் குறுக்கே ஓடியது. மேசைமேலிருந்த தாள்களுக்கு எங்கள் நாலு கல்லையும் வைத்திருந்தார்கள். என்னை மேசைக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார்கள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றார்.

நான்கு பேரும் பேசினார்கள், பண்டிதர் எங்களுக்குச் சொன்னார். பிள்ளை தலையைச் சாய்ப்பதால் கண் நரம்பில் கோளாறு என்பது டாக்டரின் கருத்து. வாயடைத்து நின்றதால் மூளை வளர்ச்சி பிந்தியிருக்கிறது என்பது வெள்ளைக்காரரின் கருத்து. வீட்டில் பேசுவது சுத்தத் தமிழாக இல்லை, அதனால்தான் எந்த மொழி என்றே பிள்ளைக்குத் தெரியவில்லை என்பது பண்டிதரின் சொந்தக் கருத்து. ஹெட்மாஸ்டர் மட்டும், "நான் இன்னொருக்கா இந்தப் புள்ளயப் பாக்கணும்" என்றார். அவர் சொன்னதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மற்ற மூவரும் ஒன்றில் ஒத்துப்போனார்கள். இந்தப் பிள்ளைக்கு வாசிக்க வராது.

சுவரோரத்தில் அம்மா அசையாமல் நின்றாள்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "அப்பிடின்னா ஒரு துண்டு எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லதுங்க."

தோட்டத்தில் எதற்கும் துண்டு வேண்டும். ஆஸ்பத்திரிக்குத் துண்டு, லீவுக்குத் துண்டு. வாயால் சொன்னது காற்றோடு போகும், துண்டில் இருப்பதுதான் நடந்தது. அந்தத் துண்டைக் காட்டினால்தான் அம்மாவால் பேச முடியாது என்று அப்பாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பண்டிதர் ஒரு வெள்ளைத் தாளைத் தன் முன்னால் வைத்தார். காற்று அதைத் தூக்கியது.

"பிள்ளை, அந்த மூலையைப் பிடி" என்றார் என்னிடம்.

நான் கட்டிய கையை அவிழ்த்து எதிர்ப்பக்கத்திலிருந்து தாளின் இரண்டு மூலையையும் அழுத்திப் பிடித்தேன். அவர் எழுதினார். அச்சுப் போன்ற உருண்டை எழுத்து. ஒவ்வொன்றாகத் தாளில் விழ விழ, எனக்கு எல்லாம் தெரிந்தது. ஹோலில் தரையில் தெரிவது போலவே தெரிந்தது. என் வாய் தானாகத் திறந்தது.

"இந்தப்... பிள்ளைக்கு... வாசிக்க... வராது."

பண்டிதரின் பேனா நின்றது. நான் நிறுத்தவில்லை. அவர் எழுதி முடித்திருந்த அடுத்த வரியையும் வாசித்தேன். "பள்ளிக்கூடத்தில்... வைத்திருப்பதில்... பயன்... இல்லை."

வெளியே தகரம் ஒன்று அடித்துக்கொண்டிருந்தது.

"நாங்கள் கதைச்சதைக் கேட்டுச் சொல்லுறாள். இது வாசிப்பில்லை" என்றார் பண்டிதர்.

"கொஞ்சம் பொறுங்க" என்று ஹெட்மாஸ்டர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். தனக்கு நேராக வைத்து, வாயைத் திறக்காமல், ஒரு வரி எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். 'உன் உம்மா எங்கே நிற்கிறா?' என்று இருந்தது. உம்மா என்றால் அம்மா என்று டவுன் கடைப் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். நான் திரும்பிச் சுவரோரம் நின்ற அம்மாவைக் கையால் காட்டினேன்.

ஹெட்மாஸ்டர் தாளைத் திருப்பி எனக்கு நேராக வைத்தார். "இப்ப?"

"இப்ப அது சிங்களமாப் போச்சுங்க" என்றேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். "எங்கட ஓதுற பள்ளியில நான் புள்ளைகளுக்கு எதிர்ல இருந்துதான் ஓதிக் குடுப்பேன். கிதாபு அவங்க பக்கம் இரிக்கும். எனக்கு அந்தப் பக்கத்தாலயும் ஓத வரும். இந்தப் புள்ளைக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் காட்டியிரிக்காங்க." வாத்தியாரைப் பார்த்து, "இந்தப் புள்ள எங்க உக்காரும்?" என்று கேட்டார். வாத்தியார் தரையைப் பார்த்தார். கங்காணி மகள்தான், "எனக்கு எதிர்லங்க" என்றாள்.

அதற்குப் பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் ஒரே ஆங்கிலம். வெள்ளைக்காரர் எழுந்து வந்து என்னைத் தாளோடு நிறுத்திப் படம் பிடித்தார். வியாழக்கிழமை வாயடைத்து நின்ற அதே பிள்ளை சனிக்கிழமை அபூர்வப் பிள்ளையாகிவிட்டது. அம்மா படங்குச் சாக்கை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு நேரே அப்பாவிடம் வந்தாள்.

"வாசிச்சிட்டாள்ல?"

"ம்" என்றார் அப்பா.

அன்று எங்களுக்குத் திருவிழா. அம்மா எங்கிருந்தோ கொஞ்சம் அரிசி வாங்கிவந்து சோறாக்கினாள். நான் தங்கச்சிக்குக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் ஒவ்வொரு தடவையும் கை தட்டினாள். அப்பா வாசலோர இஸ்தோப்பில் உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன யோசிக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா ஆணியிலிருந்து நீலக் கவுனை எடுத்தார். அதை எனக்கு நீட்டவில்லை. தங்கச்சியைக் கூப்பிட்டார்.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "இவளப் பத்திப் பேச்சே இல்லியே. இவளப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலியே."

"கணக்கப்பிள்ள ஐயாகிட்ட ஒரு பிள்ளன்னுதான் சொன்னேன். எந்தப் பிள்ளன்னு சொல்லல. வாக்குக் குடுத்தாச்சு. காரு வந்து வெறுங்கையோட திரும்பினா நாள மறுநாள் நமக்கு மலையில வேல இருக்குமா?"

அம்மா அவர் கையிலிருந்த கவுனையே பார்த்தாள். எனக்காகச் சண்டை போட அவள் எத்தனையோ நாளாகத் தயாராகியிருந்தாள். தங்கச்சிக்காகத் தயாராக அவளுக்கு ஒரு காலைப்பொழுதுகூடக் கிடைக்கவில்லை. பிறகு உட்கார்ந்தாள். கவுன் தங்கச்சிக்குக் கணுக்கால் வரை தொங்கியது. அதன் அடியை மடித்து, பெரிய பெரிய தையலாக ஓட்டிக் கொடுத்தாள். ஊசி கையில் ஏறியதையும் அவள் கவனிக்கவில்லை. தங்கச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. புதுக் கவுன், கார், அவ்வளவுதான் அவளுக்கு. எனக்கு விளங்கியது. எனக்காகக் கட்டிவைத்திருந்த துணிமூட்டையை நானே தூக்கிக்கொண்டு பாதைவரை போனேன். கார் மேலே ஏறாது என்று கீழே வளைவில் நின்றது. அவள் பின் கண்ணாடியில் முகத்தை வைத்துக் கையாட்டினாள். காற்றில் தேயிலைச் செடிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன.

வந்த நிபுணர்கள் யாருக்கும் இது தெரியாது. அவர்கள் சனிக்கிழமையே ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். எப்படி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று நல்ல ஆலோசனை எழுதியிருப்பார்கள். எங்கள் ஹோலிலும் அது நடந்தது. வாத்தியார் என்னைக் கங்காணி மகளின் பக்கத்தில் உட்காரவைத்தார். மார்கழி மழைக்குள் நானும் மற்றவர்களைப் போல நேராக வாசிக்கப் பழகினேன். பிற்காலத்தில் தபால் கந்தோரில் வேலை பார்த்தபோது, மேசைக்கு அந்தப் பக்கம் நின்று ஆட்கள் விலாசம் எழுதுவதை இந்தப் பக்கமிருந்தே வாசித்துவிடுவேன். எப்படி என்று கேட்பார்கள். சிரித்து மழுப்பிவிடுவேன்.

தங்கச்சி கலியாண வயது தாண்டித்தான் திரும்பி வந்தாள். சிங்களம் நன்றாகப் பேசினாள், கொஞ்சம் இங்கிலீஷும் வந்தது. எழுத்து எதிலும் வராது. அப்பாவின் கடைசிக் காலத்தில் அவருக்குக் கஞ்சி ஊட்டியவள் அவள்தான். நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். "எனக்கு இனி எதுக்கு?" என்று எழுந்து போய்விடுவாள்.

போன மாதக் கூட்டம் முடிந்து திரும்பும்போது மாத்தளை பஸ் ஸ்டாண்டில் அவள் நின்றுவிட்டாள். இரத்தோட்டை பஸ்ஸின் நெற்றியைப் பார்த்து, "அக்கா, இதுல எது தமிழு?" என்று கேட்டாள். நான் காட்டினேன். வீட்டுக்கு வந்து, தேத்தண்ணீர் குடித்து, பேத்தியின் வாசிப்புப் புத்தகத்தை அவளே எடுத்துவந்து மேசையில் வைத்தாள்.

புத்தகத்தை அவள் பக்கம் திருப்பிவைத்துவிட்டு நான் எதிரில் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து தினமும் பின்னேரம் அப்படித்தான். அவள் விரலை வைப்பாள், நான் என் பக்கமிருந்து சொல்லுவேன், அவள் திருப்பிச் சொல்லுவாள். நேற்றைக்கு முதல் தடவையாக நான் சொல்லாமலே ஒரு முழு வரியை வாசித்தாள். மெதுவாக, எழுத்து எழுத்தாக, பிழையில்லாமல். வாசித்துவிட்டு விரலை எடுக்காமல் கேட்டாள்.

"அன்னிக்கு எனக்கும் இது தெரிஞ்சிருந்தா, என்ன அனுப்பியிருக்க மாட்டாங்கதானேக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை வருடம் தாண்டி ஒரு பொய்யில் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் புத்தகத்தின் மேல் அவள் விரல் இருந்தது, என்னால் முடியவில்லை.

"யாராவது ஒரு பிள்ள போயேதான் ஆகணும்" என்றேன். "உன்னய விட்டிருந்தா என்னயத்தான் அனுப்பியிருப்பாங்க."

"அப்பிடின்னா சரி" என்று சொல்லிவிட்டு, விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள்.